நீலக்கிணறும் உப்பு வாசலும்

கரமனை, திருவனந்தபுரம்
9 ஜூன் 2024

மாளவிகா,

போனக்காட்டில் உன் போனுக்கு சிக்னல் கிடைப்பதில்லை என்று உன் அண்ணன் சொன்னான். கிடைத்தாலும் என் பெயரைப் பார்த்தால் எடுக்கமாட்டாய். அதனால்தான் கடிதம். காதலித்த நாளில்கூட நாம் கடிதம் எழுதிக்கொண்டதில்லை. ஒரே வகுப்பு, பக்கத்துப் பக்கத்து பெஞ்சு.

ஒரு காரியமாக எழுதுகிறேன். செப்டம்பரில் பல்கலைக்கழகத்தில் தமிழ் மாயக்கதைகளைப் பற்றி ஒரு கருத்தரங்கு. எங்கள் துறையிலிருந்து போன ஸ்மிதாதான் நடத்துகிறாள். 'அன்றைய மாயக்கதையும் இன்றைய மாயக்கதையும்: வன்னியபெருமாள், மாளவிகா' என்று தலைப்புப் போட்டு, பேசுகிறவர் இடத்தில் என் பெயரையும் போட்டுவிட்டுத்தான் என்னிடம் கேட்டாள். நான் முடியாது என்றேன். வேறு யார் பேசினாலும் உங்களுக்குத் திருப்தியாக இருக்காது சார் என்றாள். அது உண்மைதான்.

நான் சொல்ல நினைத்திருப்பது இது. அறுபது வருஷத்துக்கு முன்னால் சாலைக் கடைத்தெருவில் ஓர் அரிசி மண்டியில் வேலை பார்த்துக்கொண்டு, சென்னை வார இதழ் ஒன்றுக்கு 'நீலக்கிணறு' தொடரை எழுதினவர் வன்னியபெருமாள். அதில் ஒரு கிணறு இருக்கிறது. இறங்குகிறவர்களை அது வேறொரு ராஜ்யத்துக்குக் கொண்டுபோகிறது. அங்கே காலம் நகர்வதில்லை. காவல் நிற்கும் கிழவி, போகிறவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கிறாள். உன் 'உப்பு வாசல்' நாவலில் ஒரு வாசல் இருக்கிறது. அதற்கு அப்பாலும் காலம் நகர்வதில்லை. அங்கேயும் ஒரு காவல், ஒரு கேள்வி. நீ ஆங்கிலத்தில் படித்த தடித்தடியான மாயக்கதைகளிலிருந்துதான் இது வந்தது என்று எல்லாரும் எழுதுகிறார்கள். உன் வரைபடங்களும் அரச வம்சங்களும் அங்கிருந்து வந்திருக்கலாம். வாசல் வந்தது நம் வீட்டிலிருந்து. நம் ஸ்ரீலட்சுமிக்கு நான் தினமும் 'நீலக்கிணறு' வாசித்தது உன் மேசைக்கு அடுத்த அறையில். கதவு என்றைக்கும் மூடியிருந்ததில்லை.

உன்னிடம் இரண்டு விஷயம் கேட்கவேண்டும். முதலாவது, இதையெல்லாம் நான் மேடையில் சொல்லலாமா? இரண்டாவது, நீ அங்கே உட்கார்ந்து எழுதும் 'உப்பு வாசல்' மூன்றாம் பாகத்தில் அந்தச் சின்னப் பெண் தும்பி திரும்பி வருகிறாளா? 'நீலக்கிணறு' கதையில் கிணற்றில் விழுந்து செத்துப்போகும் சின்ன இளவரசன் செங்கதிர் திரும்பி வருகிறான். உன் இரண்டாம் பாகத்தின் கடைசியில் தும்பி செத்துப்போகிறாள். செத்தவர்கள் திரும்புவது அன்றைய கதை, திரும்பாதது இன்றைய கதை என்று முடிக்கலாமா என்று தெரியவேண்டும்.

ஆகஸ்டு வந்தால் ஸ்ரீலட்சுமி போய் இரண்டு வருஷம். அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

நவநீத்


போனக்காடு
17 ஜூன் 2024

நவநீத்,

உன் கடிதத்தை விதுரையிலிருந்து வரும் பஸ்காரர் கொண்டுவந்து, பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்து வீட்டு ஜெபமலர் அக்காவிடம் கொடுத்திருந்தார். யார் எழுதியது என்று கேட்டாள். வீட்டுக்காரர் என்றேன். அந்த வார்த்தையைச் சொல்லி ரொம்ப நாளாகிவிட்டது.

நீ என்ன வேண்டுமானாலும் பேசு. ஆனால் அவரையும் என்னையும் ஒரே தராசில் வைப்பதற்கு முன்னால் ஒன்றைக் கேட்டுக்கொள். வன்னியபெருமாள் கதையில் எதற்கும் விலை கிடையாது. மந்திரக் கம்பளம் வேண்டுமா, முனிவர் கொடுப்பார். ராட்சசனைக் கொல்ல வேண்டுமா, கிளி வழி சொல்லும். செங்கதிர் செத்துக் கிடக்கிறான். மூலிகையைக் கசக்கி மூக்கில் வைத்ததும் எழுந்து, "நான் ரொம்ப நேரம் தூங்கிவிட்டேனா?" என்கிறான். அவனைப் பெற்றவள் அத்தனை நாள் எப்படி இருந்தாள் என்று அவர் ஒரு வரிகூட எழுதவில்லை. அடுத்த வாரம் பட்டாபிஷேகம்.

என் கதையில் ஒவ்வொரு மந்திரத்துக்கும் சொல்கிறவரின் ஞாபகம் ஒன்று போய்விடும். நெருப்பை மூட்டினால் அம்மாவின் குரல் மறந்துபோகும். இதை நான் ஆங்கிலப் புத்தகத்திலிருந்தும் எடுக்கவில்லை, உன் அரிசி மண்டிக்காரரிடமிருந்தும் எடுக்கவில்லை. என் அப்பாவுக்குச் சாலைக் கடைத்தெருவில் ஜவுளிக்கடை. விலை ஒட்டாத துணி அந்தக் கடையில் நான் பார்த்ததில்லை. எனக்கு உலகம் அப்படித்தான் தெரிந்தது.

சும்மா கொடுக்கிற கதையால் என்ன ஆகும் என்று நீயே பார்த்தாய். டாக்டர் நம் இருவரையும் ஆஸ்பத்திரி வராந்தாவில் நிறுத்தி, இனி மருந்து கேட்காது, வலி இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். நீயும் கேட்டாய். கேட்டுவிட்டு உள்ளே போய், ஸ்ரீலட்சுமி பக்கத்தில் உட்கார்ந்து, செங்கதிர் எழுந்திருக்கும் அத்தியாயத்தை எடுத்தாய். ஓணத்துக்கு வீட்டுக்குப் போயிடலாம்டீ என்றாய். அன்றைக்கு மட்டுமில்லை, ஒவ்வொரு மத்தியானமும். நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன்.

அவள் என்னிடமும் ஒன்று கேட்டாள். என் இரண்டாம் பாகத்தை அப்போதுதான் வாசித்து முடித்திருந்தாள். ஒன்பது வயசுக்கு அது பெரிய புத்தகம். "அம்மா, தும்பி திரும்பி வருவாளா?" என்றாள். இல்லடா கண்ணு என்றேன். வேறு என்ன சொல்வேன்? அவளிடம் நான் பொய் சொன்னதில்லை. நீ வராந்தா வரைக்கும் என் பின்னாலேயே வந்தாய். நீ சொன்னதை எழுதுகிறேன், உனக்கு மறந்திருந்தால் நினைவு வரட்டும்.

"அவள் கேட்டது ஒரே ஒரு வரி. அதைக்கூடத் தரமுடியலைன்னா நீ என்ன அம்மா?"

எல்லாம் முடிந்து அந்த வீட்டைவிட்டுக் கிளம்பியபோது நான் எடுத்துவந்தது அந்த வாக்கியத்தைத்தான். மூன்றாம் பாகத்தைப் பற்றி உன்னிடம் சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

மாளவிகா


கரமனை
2 ஜூலை 2024

மாளவிகா,

மறக்கவில்லை. அன்றைக்கு ஏன் சொன்னேன் என்பதும் மறக்கவில்லை. ஒன்பது வயதுக் குழந்தைக்கு எதற்கு உண்மை? அதை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? பெரியவர்கள் நாமே அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் அலைகிறோம்.

நீயும் ஒன்றைக் கேட்டுக்கொள். உன் இரண்டு பாகத்திலும் தும்பிக்கு அம்மா இருக்கிறாள். உப்பு வாசலின் காவல்காரி அவள்தான். சித்தி இருக்கிறாள். நொண்டிக் குதிரை ஒன்றுகூட இருக்கிறது. அப்பா மட்டும் இல்லை. செத்துப்போனான் என்றோ ஓடிப்போனான் என்றோகூட இல்லை, அப்படி ஒருத்தன் இருந்ததாகவே இல்லை. ஸ்ரீலட்சுமி என்னிடம் கேட்டிருக்கிறாள், "தும்பிக்கு அப்பா இல்லியாப்பா?" என்று. மூணாம் பாகத்தில் வருவார் என்று சமாதானம் சொன்னேன். அவள் தலையணையைச் சரி செய்தபடி அதைச் சொன்னேன். அது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீ நினைத்துப் பார்த்திருக்கிறாயா?

சண்டைக்காக இதை எழுத உட்காரவில்லை. வேறொன்று நடந்தது. அதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.

வன்னியபெருமாளின் மகள் இன்னும் சாலைக் கடைத்தெருவில் இருக்கிறார். பார்வதியம்மாள். அரிசி மண்டிகளுக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில், மகன் குடும்பத்தோடு. ஸ்மிதா முகவரி கொடுத்தாள். நான் ஒரு தீர்மானத்தோடு போனேன். அன்றைய எழுத்தாளர் எவ்வளவு கள்ளமில்லாத மனுஷன், குழந்தைகளைச் சிரிக்கவைப்பதைத் தவிர வேறு எண்ணமே இல்லாதவன் என்று அந்த அம்மாள் வாயால் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும் என்பதுதான் அது.

காப்பி கொடுத்தார். அப்பாவைப் பற்றி மெதுவாகப் பேசினார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சின்ன வயசில் வந்தவர், மண்டியில் மூட்டைமேல் பலகை போட்டுத்தான் எழுதுவார், தபாலுக்குக் கொடுக்கும் முன் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவார் என்றெல்லாம் சொன்னார். செங்கதிர் பிழைக்கும் அத்தியாயத்தை நான் எடுத்ததும் தன் தம்பியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.

அவருக்கு ஒரு தம்பி இருந்திருக்கிறான். உச்சிமாகாளி என்று பெயர். செங்கதிர் கிணற்றில் விழுந்து செத்துப்போன அத்தியாயம் அச்சில் வந்திருந்த சமயம், தம்பிக்குத் தொண்டை அடைப்பான் வந்திருக்கிறது. பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்களாம். சாயங்காலமே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு வன்னியபெருமாள் எழுதவில்லை. தொடர் நின்றது. சென்னையிலிருந்து பத்திரிகைக்காரர்கள் குழந்தைகள் எழுதின கடிதங்களைக் கட்டுக்கட்டாக அனுப்பியிருக்கிறார்கள். செங்கதிரை எழுப்பிவிடுங்கள் என்று எல்லாக் கடிதத்திலும். அதோடு ஆசிரியரும், குழந்தைகள் அழுகிறார்கள், எப்படியாவது பிழைக்கவையுங்கள் என்று எழுதியிருக்கிறார்.

அந்த அம்மாள் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"அம்மை எழுதாதீயன்னு சொன்னா. நம்ம பிள்ளை மண்ணுக்குள்ள கெடக்கும்போ கதைப் பிள்ளைய எழுப்புவீயளோன்னு கேட்டா. அப்பா எழுதி முடிச்சு, மடிச்சு, உறைக்குள்ள வச்சுட்டுத்தான் சொன்னாரு. ஊரார் பிள்ளையாவது வீட்டுக்கு வரட்டும்டீன்னாரு. அம்மை அன்னைக்குத் தொட்டு அவருட்ட முகம் கொடுத்துப் பேசல. அவரும் பொறவு பேனாவத் தொடல."

அதுதான் அவருடைய கடைசித் தொடர். பட்டாபிஷேகத்தோடு முடிகிறதே, நீ கேலி செய்தாயே, செங்கதிர் எழுந்ததையும் அதையும் சேர்த்து ஒரே உட்காரலில் எழுதினாராம். அதற்கு மேல் எழுத அவரால் முடியவில்லை போலிருக்கிறது. செங்கதிரின் அம்மாவைப் பற்றி ஏன் ஒரு வரிகூட இல்லை என்று நீ கேட்டாய். அவர் வீட்டில் உச்சிமாகாளியின் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளை எப்படி எழுதுவார்?

படி இறங்கி வந்தேன். சாலையில் லாரியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். வழிவிடு என்று யாரோ தமிழிலும் மலையாளத்திலும் கத்தினார்கள். என் கட்டுரை அங்கேயே முடிந்துபோனது. அன்றையவர்கள் ஆறுதல் சொன்னார்கள், இன்றையவர்கள் உண்மை சொல்கிறார்கள் என்று இனி எந்த வாயால் சொல்வேன்?

நவநீத்


போனக்காடு
20 ஜூலை 2024

நவநீத்,

இங்கே மழை விடவில்லை. பஸ் சில நாள் மேலே வரவில்லை. வந்திருந்தாலும் நான் எழுதியிருப்பேனா தெரியாது.

வன்னியபெருமாளைப் பற்றி நான் எழுதியதைத் திருப்பி வாங்க முடியுமென்றால் வாங்கிக்கொள்வேன். அந்த அம்மாவைத்தான் ரொம்ப நினைக்கிறேன். புருஷன் எழுதினதை ஊரே கொண்டாடியிருக்கும். தெருவில் பிள்ளைகள் செங்கதிர் எழுந்துவிட்டான் என்று கத்திக்கொண்டு ஓடியிருக்கும். இவள் அதைக் கேட்டுக்கொண்டே உலை வைத்திருப்பாள்.

உன்னிடம் ஒன்று சொல்லவேண்டும். சொல்லாதே என்று என்னிடம் சொன்னவள் இப்போது இல்லை. அதனால் அவள் பேச்சை மீறலாம் என்று ஆகிவிடாது. ஆனால் பார்வதியம்மாளின் அம்மா மாதிரி பேசாமலே இருந்து செத்துப்போக எனக்குப் பயமாக இருக்கிறது.

ஸ்ரீலட்சுமி போவதற்குக் கொஞ்ச நாள் முன்னால். மத்தியானம். நீ கீழே கேன்டீனுக்குப் போயிருந்தாய். அவளுக்கு அன்றைக்குக் கொஞ்சம் தெளிவு இருந்தது. உன் 'நீலக்கிணறு' மெத்தைமேல் கிடந்தது. அதைத் தள்ளிவைத்துவிட்டு அவள் கேட்டாள்.

"அம்மா, நான் வீட்டுக்குப் போகமாட்டேன், அல்லே?"

அவள் முகத்தைப் பார்க்காமல் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். அவள்தான், தன் பாதி மலையாளத்தில், பரவாயில்லை என்றாள்.

"சாரமில்லம்மா. அப்பாகிட்ட சொல்லாதே. நான் போவேன்னு அப்பா நினைச்சுண்டிருக்கார். அந்தக் கதை வாசிக்கறச்சே மட்டும் அப்பா அழறதில்லை."

நீ தட்டோடு உள்ளே வந்தாய். அவள் புத்தகத்தை எடுத்து உன்னிடம் நீட்டினாள். விட்ட இடத்திலிருந்து வாசி என்றாள். அது அவளுக்கு மனப்பாடம். நீ வாசித்தாய். உன்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கேட்டாள்.

அதனால்தான் பிறகு வராந்தாவில் நீ என்னிடம் கேட்டபோது நான் வாயைத் திறக்கவில்லை. அவளுக்கு ஏற்கனவே தெரியும் என்று நான் சொல்லியிருக்கலாம். ஒரு நிமிஷத்தில் நீ அடங்கியிருப்பாய். ஆனால் மறுநாள் மத்தியானம் உன்னால் வாசிக்க முடிந்திருக்காது. அவளுக்கு அது வேண்டியிருந்தது.

ரொம்ப நாள் எனக்கு உன்மேல் பொறாமை இருந்தது. நீ வந்தால் சிரித்தாள். என்னிடம் மட்டும் சிரிக்கவேண்டிய அவசியம் அவளுக்கு இருக்கவில்லை. இதை எழுதிவிட்டேன். அவள் என்ன நினைப்பாளோ தெரியவில்லை.

மாளு


கரமனை
22 செப்டம்பர் 2024

மாளு,

உன் கடிதம் ஜூலையிலேயே வந்துவிட்டது. பதில் எழுத எத்தனையோ தடவை உட்கார்ந்தேன்.

நான்தான் அவளுக்கு வாசித்துக் காட்டினேன் என்று இருந்தேன். அவள்தான் எனக்காகக் கேட்டிருக்கிறாள். அந்த மத்தியானங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்க்கிறேன். எங்கே சிரித்தாள், எங்கே இன்னொரு தடவை என்றாள், எல்லாம் இப்போது வேறாக இருக்கிறது. ஒரு நாள் பாதியில் தூங்கிவிட்டாள் என்று புத்தகத்தை மூடினேன். உடனே கண்ணைத் திறந்து, தூங்கலப்பா, வாசி என்றாள். கதைமேல் எவ்வளவு ஆசை என்று சந்தோஷப்பட்டேன், மாளு. உன் கடிதத்தைப் படித்த பிறகு கல்லூரிக்கு நீண்ட விடுப்புப் போட்டேன். வெங்கடசுப்ரமணியன் பெரியப்பா வந்து பார்த்துவிட்டு டாக்டரிடம் போகலாம் என்றார். போகவில்லை.

நேற்று கருத்தரங்கு நடந்தது. ஸ்மிதாவிடம் வரமுடியாது என்று சொல்லலாம் என்றுதான் இருந்தேன். பிறகு போனேன். எழுதி வைத்திருந்த தாள்களை எடுத்துப் போகவில்லை.

வன்னியபெருமாளைப் பற்றி, பார்வதியம்மாளிடம் கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு, அந்த ஓர் அத்தியாயத்தின் கதையை மட்டும் சொன்னேன். அவருக்கு அடுத்த தலைமுறையில் மாயக்கதை எழுதியவர்கள் எல்லாரும் அந்த மூலிகையை எடுத்துக்கொண்டார்கள், கதைக்குக் கதை யாராவது செத்துப் பிழைத்தார்கள், அது வெறும் வித்தையாகிப் போனது என்றேன். அந்த வித்தையில் சலித்துத்தான் இன்றைக்கு எழுதுகிறவர்கள் சாவைச் சாவாகவே எழுதுகிறார்கள், அதுவும் அவர் விட்ட இடத்திலிருந்து வந்ததுதான் என்றேன். ஒருவரைப் பார்த்து எழுதுவதும் பாதிப்பு, ஒருவரோடு சண்டை போட்டு எழுதுவதும் பாதிப்பு. இவ்வளவுதான் நான் ஒழுங்காகச் சொன்னது. கிணறு, வாசல் ஒப்பீட்டை எடுக்கவே இல்லை. அது சின்ன விஷயமாகத் தெரிந்தது.

பிறகு உன் இரண்டாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தை வாசிக்கத் தொடங்கினேன். தும்பியின் செருப்பை அவள் அம்மா வாசல் படியில் ஜோடியாகத் திருப்பி வைக்கிறாளே, அந்த இடம். அதோடு புத்தகத்தை ஸ்மிதாவிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். அவள்தான் மீதியை வாசித்தாள்.

கேள்வி நேரத்தில் அனூப் என்று ஒரு மாணவன் எழுந்தான். தமிழ் எழுதப் படிக்க உன் நாவலுக்காகத்தான் கற்றுக்கொண்டானாம். மலையாளமும் தமிழுமாகக் கேட்டான். தும்பி திரும்பி வருவாளா சார் என்று. முன்வரிசையில் நம்மைத் தெரிந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"அதை அவளோட அம்மாதான் சொல்லணும்" என்றேன்.

அந்தப் பையனுக்காக இதை எழுதவில்லை. எப்படி வேண்டுமானாலும் முடித்துக்கொள். எனக்கு வேண்டியது ஒன்றுதான். வீட்டுக்கு வந்துவிடு. உன் மேசையைத் துடைத்து வைத்திருக்கிறேன். பேசவேண்டாம் என்றால் பேசவேண்டாம். வன்னியபெருமாள் வீட்டைப் போல நாமும் ஆகவேண்டாம்.

நவநீத்


போனக்காடு
24 நவம்பர் 2024

நவநீத்,

இந்தக் கடிதத்துக்குப் பின்னால் ஒரு பார்சல் வரும். மூன்றாம் பாகம். பதிப்பகத்துக்கு இன்னும் அனுப்பவில்லை. முதலில் நீ வாசி. தம்பானூர் போகும் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிடுகிறேன். நீ போய் வாங்கிக்கொள்.

செப்டம்பரில் உன் கடிதம் வந்த பிறகுதான் உண்மையாகவே எழுத உட்கார்ந்தேன். அதுவரை பக்கத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். தும்பியைத் திருப்பிக் கொண்டுவருவது என்று முடிவு செய்தேன். எழுதவும் எழுதினேன். வாசலைத் தாண்டி வருகிறாள், பேசுகிறாள். வாசித்துப் பார்த்தால் அது அவள் இல்லை. பாடப்புத்தகம் மாதிரி பேசினாள். நல்ல தமிழில், முழு வாக்கியமாக. கிழித்துப் போட்டேன். மறுபடி எழுதினேன். மறுபடியும் அதே பெண். ஞாபகம் போய்விடும் என்று நான் கதைக்காக எழுதினது என்னிடமே நடக்கிறதோ என்று பயந்துபோனேன். அவள் குரல் எப்படி இருக்கும் என்று ஒரு முழு நாள் நினைவு வரவில்லை.

பிறகு ஒரு காலையில், வாசல் காவல்காரி "பயமா இருக்கா?" என்று கேட்கிற இடத்தில், அந்தப் பெண் தானாக, ஸ்ரீலட்சுமி மாதிரியே, "சாரமில்ல" என்றாள். அந்தத் தேசத்தில் மலையாளம் கிடையாது. பதிப்பகத்தில் அந்தச் சொல்லை அடித்துவிடுவார்கள். அடிக்க விடமாட்டேன். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு அவள் பேசினதையெல்லாம் நான் எழுதிக்கொண்டேன், அவ்வளவுதான்.

என் தேசத்துச் சட்டம் உனக்குத் தெரியும். எதுவும் சும்மா கிடைக்காது. உள்ளே போன ஓர் உயிர் வெளியே வரவேண்டும் என்றால், ஓர் உயிர் உள்ளே போய் அதன் இடத்தில் நிற்கவேண்டும். தும்பி வெளியே வருகிறாள். அவள் அம்மா உள்ளே நின்றுவிடுகிறாள். வாசல் மூடிக்கொள்கிறது. மூலிகை வன்னியபெருமாளுடையது, விலை என்னுடையது. உன் கட்டுரையில் இதைச் சேர்த்துக்கொள்.

வெளியே வந்த குழந்தை எங்கே போவாள்? அதற்குத்தான் அந்த ஊரை எழுதினேன். காயல் ஓரத்தில் ஓர் ஊர். அங்கே ஒருவன் படகு ஓட்டுகிறான். கரைக்குக் கரை போகும்போது ஏறினவர்களுக்குக் கதை சொல்லிக்கொண்டே துடுப்புப் போடுவான். அவன்தான் தும்பியின் அப்பா. இரண்டு பாகத்தில் அவனை எழுதாமல் விட்டது எதனால் என்று எனக்கே தெரியவில்லை. எழுதத் தெரியவில்லை என்பதுதான் சரியாக இருக்கும். அவனைத் தூரத்திலிருந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது.

ஊரார் பிள்ளை வரட்டும் என்று அவர் எழுதினார். எனக்கு அவ்வளவு பெரிய மனசு இல்லை. அனூப்புக்காகவும் எழுதவில்லை. ஒரே ஒருத்தருடைய பிள்ளை வீட்டுக்கு வரவேண்டும் என்றுதான் எழுதினேன்.

நான் வரவில்லை, நவநீத். சென்னையில் ஒரு பதிப்பகத்தில் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். குழந்தைகள் புத்தகம் பார்த்துக்கொள்ள. போகிறேன். கோபம் இல்லை. அந்த வராந்தாவும் அந்தப் பேச்சும் எப்போதோ போய்விட்டது. நான் சொல்லப்போவதை நீ தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஸ்ரீலட்சுமிக்கு உன் முகம். அதே நெற்றி, அதே முகவாய், யோசிக்கும்போது கீழ் உதட்டைக் கடிப்பது. நம் வீட்டுக் கூடத்தில் காலையில் நீ பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். நான் காப்பியோடு வந்து உன்னைப் பார்ப்பேன். ஒவ்வொரு நாளும் எனக்கு அவள் புதிதாகச் செத்துப்போவாள். அவள் போன பிறகு அந்த வீட்டில் இருந்த அத்தனை நாளும் அப்படித்தான் இருந்தது. இது உன் தப்பு இல்லை. உன்னிடம் சொல்லித் தீர்க்கும் விஷயமும் இல்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு. பெரியப்பா சொன்ன டாக்டரைப் போய்ப் பார்.

மாளு


கரமனை
8 டிசம்பர் 2024

மாளு,

இந்தக் கடிதம் சென்னை முகவரிக்கு வருகிறது. உன் அண்ணன் கொடுத்தான். அறை வசதியாக இருக்கிறது என்றான்.

பார்சலைத் தம்பானூர் ஸ்டாண்டில் கையில் வாங்கியதும் வீடு வரைக்கும் பொறுக்க முடியவில்லை. அங்கேயே சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து பிரித்தேன். நாகர்கோவில் பஸ், கொல்லம் பஸ் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு எதுவும் காதில் விழவில்லை. தும்பி அந்த ஒரு சொல்லைச் சொன்ன இடத்தில் எழுந்து கொஞ்சம் நடந்தேன். பக்கத்தில் இருந்தவர், யாராவது இறந்துட்டாங்களா என்று கேட்டார். இல்லை, வந்திருக்கா என்றேன். அவர் என்ன நினைத்தாரோ, தண்ணீர் வாங்கிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து மறுபடி முதலிலிருந்து வாசித்தேன். நீ எப்போதும் என்னிடம் பிழை பார்க்கத்தான் கொடுப்பாய். ஒற்றுப்பிழை சில இருந்தன. பென்சிலால் குறித்திருக்கிறேன். மற்றபடி இதில் கைவைக்க ஒன்றும் இல்லை. நீ எழுதினதில் இதுதான் சிறந்தது. அம்மா உள்ளே நின்றுவிடுவதும் கதைக்குச் சரிதான். வேறு மாதிரி எழுதியிருந்தால் நானே ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

சென்னை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். உன் கடைசிக் கடிதத்தை வாசித்துவிட்டுக் கண்ணாடி முன்னால் போய் நின்றேன். நீ சொன்னது எனக்கும் தெரிந்தது. நீ எப்படி இத்தனை நாள் இருந்தாய் என்றுதான் ஆச்சரியமாக இருந்தது.

ஒரே ஓர் இடம் மட்டும் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. சாயங்காலம். படகு கரைக்கு வருகிறது. தும்பி தண்ணீர் ஓரமாக நிற்கிறாள். அவன் துடுப்பைப் போட்டுவிட்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி ஓடிவந்து அவளைத் தூக்கிக்கொள்கிறான். பசிக்குதா என்று கேட்கிறான். கால் வலிக்குதா என்று கேட்கிறான். தோளில் ஏற்றிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடக்கிறான். அங்கே கதை முடிகிறது. எழுத்தில் குறை இல்லை. அவன் என்னைவிட நல்லவன், அல்லது என்னைவிட விஷயம் தெரிந்தவன். அம்மா எங்கே என்று அவன் அவளிடம் கேட்கவே இல்லை.

நான் கேட்டிருப்பேன், மாளு. வேறு எதையும் கேட்பதற்கு முன்னால் அதைத்தான் கேட்டிருப்பேன்.

நவநீத்